விரதம் என்று நினைத்தோம்

1

போன செவ்வாய்க்கிழமை காலை, பிரிக்பீல்ட்ஸில் எங்கள் குடியிருப்புக்குக் கீழே இருக்கும் மளிகைக் கடையில், ஒருவர் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் எடுத்துவிட்டு எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். அதைப் பார்த்த நொடியில் தோன்றியதுதான் இனி எழுதப்போவதெல்லாம்.

அவருக்கு முப்பது வயது இருக்கலாம். வாரக்கணக்கில் மழிக்காத தாடி. சட்டை அவர் உடம்பில் இல்லை, ஹேங்கரில் தொங்குவதுபோல் இருந்தது. தைப்பூசம் நெருங்குகிறது. இந்த மாதத்தில் கோலாலம்பூரில் தாடி வைத்த தமிழ் ஆண்களைத் தெருவுக்கு நாலு பேர் பார்க்கலாம். பத்துமலைக்குக் காவடியோ பால்குடமோ எடுக்கப்போகிறவர்கள். முகம் மழிக்க மாட்டார்கள். சைவம், அதுவும் ஒரு வேளை. தரையில் படுக்கை. அவர்களிடம் யாரும் குரலை உயர்த்துவதில்லை. லிஃப்டில்கூட ஒதுங்கி இடம் கொடுப்பார்கள்.

கல்லாவில் ஷாமினி இருந்தாள். கல்லூரியில் படித்துக்கொண்டே பகுதி நேரம் வேலை பார்க்கிற பெண். அவர் கையிலிருந்த பாக்கெட்டைப் பார்த்துவிட்டு, மலேசியத் தமிழர் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வோடு பணிவாகச் சொன்னாள்.

"சாமி, விரதமா? அதுல முட்டை இருக்கு லா. பின்னால எழுதியிருக்கு பாருங்க."

அவர் அவளைப் பார்த்தார். தலையாட்டினார். பாக்கெட்டை வைத்துவிட்டார்.

"வேற எடுத்துத் தரவா? முட்டை இல்லாதது இருக்கு."

"இல்ல, பரவால்ல."

தண்ணீர் பாட்டில் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே போனார். தோளில் ஒரு நீல நிறக் குளிர்ப்பை. கழுத்தில் பச்சை நாடாவில் ஓர் அட்டை. அந்த அட்டை எனக்குத் தெரியும். கிள்ளானில் ஒரு மருத்துவமனையில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை வைத்திருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழையப் பெற்றோருக்குக் கொடுப்பது. போன வருடம் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் அதே மாதிரி இரண்டு அட்டைகள் தொங்கின. பைக்குள் என்ன இருக்கும் என்பதும் தெரியும். வீட்டில் மனைவி எடுத்துக் கொடுத்த தாய்ப்பால்.

அந்தத் தலையாட்டலும் தெரியும். போன வருடம் இதே மாதம் என் கணவன் அருண் ஊருக்கெல்லாம் அப்படித்தான் தலையாட்டிக்கொண்டிருந்தான். அவன் விரதம் இருக்கிறான் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். அப்படி நம்பியே அவனை இழக்கப் பார்த்தோம்.

கையிலிருந்த வெங்காயத்தைக் கல்லாவில் போட்டுவிட்டு, மகள் உட்கார்ந்திருந்த தள்ளுவண்டியோடு ஓடினேன். நடைபாதையில் பூக்கடைப் பலகைகள், மோட்டார் சைக்கிள்கள், தள்ளுவண்டி ஏறாத மேடுகள். ரயில் நிலையத்துக்கு ஏறும் படியில் நீலப் பை ஒரு முறை தெரிந்தது. நான் லிஃப்டுக்குச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கிள்ளான் ரயிலின் கதவு மூடிவிட்டது.

பெயர் தெரியாது. சாப்பிடாத ஒரு மனிதர், கையில் எடுத்த பிஸ்கட்டை நம் மரியாதைக்குப் பயந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நடைமேடையில் நின்றுகொண்டு, இவரை எப்படியாவது பிடிக்க வேண்டும் என்று நினைத்தேன். இவரை மட்டுமல்ல, இவர் மாதிரி இருப்பவர்களையும்.

2

என்னைப் பற்றிச் சுருக்கமாக. ஊர் ஈரோடு. அருணும் நானும் கோயம்புத்தூரில் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. 'அவன்' என்று எழுதுவதற்கு என் மாமியார் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. அவனுக்கு பங்சாரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. நான் அவனைச் சார்ந்தவள் என்று என் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கிறார்கள். அந்த விசாவில் வேலை பார்க்க முடியாது. சும்மா இருக்க முடியாத ஒருத்தியைச் சும்மா இருக்கச் சொன்னால் என்ன ஆகும்? மலாய் வகுப்பு, கேக் வகுப்பு, கோயில் நூலகத்துக்கு எக்செல் அட்டவணை என்று அலைந்தேன். வயிற்றில் குழந்தை வந்தபோது அதற்கும் ஓர் அட்டவணை போட்டேன். தீபாவளி முடிந்ததும் வளைகாப்பு, அம்மா வந்து இறங்குவது, மருத்துவமனைப் பை. எல்லாவற்றுக்கும் தனித்தனி நிறம்.

வயிற்றிலிருந்த இனியாவுக்கு அட்டவணை பிடிக்கவில்லை.

தீபாவளிக்குச் சேலை எடுக்க கிள்ளான் போயிருந்தோம். அங்கே ஒரு தெரு முழுக்கத் துணிக்கடையும் முறுக்குக் கடையும்தான். கூட்டத்தில் நடந்தால் ஈரோட்டு ஜவுளிக் கடைவீதி மாதிரியே இடிபடலாம், அதற்காகவே போவோம். கடைக்குள் பச்சைச் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த பெண் சட்டென்று நிறுத்தி, "அக்கா, உக்காருங்க" என்றாள். குனிந்து பார்த்த பிறகுதான் என் கால் நனைந்திருப்பது எனக்குத் தெரிந்தது. பக்கத்திலிருந்த மருத்துவமனைக்கு ஓடினோம். அன்று மாலை அறுவை சிகிச்சை. இனியா ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைவிட லேசாக இருந்தாள்.

அவளை அங்கிருந்து நகர்த்த முடியாது. அவள் கிள்ளானில் கண்ணாடிப் பெட்டிக்குள், நாங்கள் பிரிக்பீல்ட்ஸில். நடுவில் ரயில். எழுந்து நடக்க முடிந்த நாளிலிருந்து பகலில் நான் போவேன். அருண் அலுவலகம் முடிந்து அடுத்த வேளைப் பாலைக் குளிர்ப்பையில் எடுத்துக்கொண்டு போவான்.

அந்தப் பிரிவில் பால் எடுக்க ஓர் அறை உண்டு. சின்ன அறை, ஐந்து நாற்காலி, ஒரு திரைச்சீலை. மலாய்க்காரி, சீனப்பெண், பத்தாங் காலியிலிருந்து வரும் ஒரு தமிழ் அக்கா, நான். நாலு பேரும் மூன்று மொழியில் அழுவோம். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருத்தி தன் மாமியாரைப் போல நடித்துக் காட்டுவாள்; தையல் பிரிந்துவிடும் போலச் சிரிப்போம். ஒரு தாதி வாரத்துக்கு ஒரு முறை எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தூக்கம் வருகிறதா, அழுகை அடிக்கடி வருகிறதா, உங்களுக்கே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றுகிறதா என்று வரிசையாகக் கேட்பார். கேட்பதற்கென்றே ஒருவர் இருந்தார். அதனால்தான் நான் தேறினேன் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அப்பாக்களுக்கு அறை இல்லை. லிஃப்ட் பக்கத்தில் ஒரு நீள பெஞ்சு. அதில் ஆளுக்கொரு ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரோடு ஒருவர் பேசி நான் பார்த்ததில்லை.

ஒரு முறை அந்தத் தாதி என்னிடம் அருண் எப்படி இருக்கிறான் என்று மலாயில் கேட்டார். என் வகுப்பு மலாய் அவ்வளவுதான். எங்கே இருக்கிறான் என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு, "வேலைக்குப் போயிருக்கிறார்" என்றேன். அவர் புன்னகைத்துவிட்டு அடுத்தவளிடம் போனார்.

3

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்று ஒரு நாட்டில், பாஸ்போர்ட் இன்னொரு நாட்டில், திரும்ப விசா முதல் நாட்டில். பிள்ளை கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது என்பதற்காக எந்த நாட்டுக் கடிகாரமும் நிற்பதில்லை. இந்த அலைச்சல் முழுவதையும் அருண் எடுத்துக்கொண்டான். அதிலே அவன் அசுர வேகம். முகமில்லாத ஓர் அலுவலகத்தை விட்டு இன்னொன்றுக்கு ஓடினான். அவன் அப்பா ஆகிவிட்டான், பொறுப்பு வந்துவிட்டது என்று எனக்குப் பெருமை.

பாஸ்போர்ட்டுக்குப் புகைப்படம் வேண்டும். வெள்ளைப் பின்னணி, கண் திறந்திருக்க வேண்டும், முகத்தை எதுவும் மறைக்கக் கூடாது. இனியாவின் மூக்கில் குழாய். குழாய் எடுக்கிற நாளுக்காகக் காத்திருந்தோம். அந்த நாள் வந்ததும் தாதி எனக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

"அருண், நாளைக்கு நீ வந்து எடு. உன் கேமராதான் நல்லா இருக்கும்."

"நீயே எடு. ஃபோன்ல எடுத்தாப் போதும்."

"நீ அவளப் பாத்தே எத்தனை நாளாச்சு?"

"தெனமும் தான போறேன்."

"உள்ள போறியா?"

"இன்ஃபெக்‌ஷன் ஆயிரும் ரம்யா. ரயில்ல அத்தனை பேரு இருமுறாங்க. பாலக் குடுத்துட்டு வந்தாப் போதாதா?"

நியாயமாகப் பட்டது. பாலை வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்புகிறவன் ஜாக்கிரதையான அப்பா என்றுதானே யாருக்கும் தோன்றும்? நான் வெள்ளைத் துண்டை விரித்துப் படம் எடுத்தேன். படத்தில் அவள் உலகத்தின் மேல் ஒரு புகார் வைத்திருப்பதுபோல் ஒற்றைக் கண்ணைச் சுருக்கியிருந்தாள். பாஸ்போர்ட் அலுவலகத்தில் ஏற்றுக்கொண்டார்கள்.

அதற்குள் அருணுக்குத் தாடி வளர்ந்திருந்தது. மதியம் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தான். முதலில் கேட்டது யாரென்று சரியாக நினைவில்லை, அலுவலகத்தில் யாரோ. "விரதமா அருண்? தைப்பூசத்துக்கா?" அவன் தலையாட்டியிருக்கிறான். அன்றிலிருந்து மதிய உணவுக்கு அவனை யாரும் கூப்பிடவில்லை. அவன் எதிரில் கோழி சாப்பிடக் கூடாதென்று அவர்களாகவே வேறு மேசைக்குப் போனார்களாம்.

4

நான் ஏன் சந்தேகப்படவில்லை என்பதற்கு ஈரோட்டில் ஒரு காரணம் இருக்கிறது.

என் சித்தப்பா குடிப்பார். சாதாரணமாக இல்லை, சித்தி இரண்டு முறை பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்ட அளவுக்கு. ஆனால் கார்த்திகை பிறந்து மாலை போட்டுவிட்டால் அவர் வேறு ஆள். கறுப்பு வேட்டி, தாடி, வெறும் கால், தரையில் படுக்கை. அந்த நாட்களில் அந்த வீட்டில் பாத்திரம் உருளாது. சித்தி பாட்டு முணுமுணுப்பாள். எங்கள் வீட்டில் ஓர் ஆண் தாடி வளர்த்துத் தரையில் படுத்தால் அது நல்ல சேதி. பயப்பட வேண்டாம் என்று அர்த்தம்.

ஆகவே இனியா வீட்டுக்கு வந்த பிறகு அருண் அவள் தொட்டிலை ஒட்டி வெறும் தரையில் படுத்தபோது நான் நிம்மதியாகத் தூங்கினேன். குழந்தையை அவன் தூக்காதது உறுத்தியது. விரதக்காரர் எதையோ காக்கிறார் என்று அதையும் சேர்த்துக்கொண்டேன். அத்தையிடம் வீடியோ அழைப்பில் நான்தான் சொன்னேன்.

"எம்பையன் முருகனுக்கு இருக்கானா கண்ணு?" என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "புள்ளைக்காக இருக்கான். நீ ஒண்ணும் பேசாத, அவன் போக்குல உடு."

மறுநாளே ஊரில் அத்தையின் தெருவுக்கே தெரிந்துவிட்டது. இங்கே லிஃப்டில் ஏறுகிறவர்கள் "சாமி" என்றார்கள். ஷாமினி அப்போதே இந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவளும் பாலை மட்டும் எடுத்துக் கொடுப்பாள். அவன் எலும்பு தெரியத் தெரிய எல்லோருக்கும் அவன் மேல் மதிப்பு கூடியது. இப்படி மெலியும் மனிதனைச் சென்னையில் பார்த்திருந்தால் யாராவது டாக்டரிடம் போகச் சொல்லியிருப்பார்கள். இங்கே, இந்த மாதத்தில், வழி விட்டார்கள்.

5

குணா எங்களுக்குக் கீழ்த்தளம். டயர் கடையில் வேலை, எங்கள் வயதுதான். வருடம் தவறாமல் காவடி எடுக்கிறவன். அவனோடு நடக்க இருபது பேர் கொண்ட ஒரு குழுவே உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பை நிறைய மஞ்சள் சட்டைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். அருண் தொட்டிலுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, டீமுக்கு டீ-ஷர்ட் அடிச்சிருக்கு. மீடியமா, லார்ஜா?" அருணை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தான். "மீடியமே தொளதொளன்னு இருக்கும் போல."

"வேணாம் குணா."

"எங்ககூடதான நடக்கப்போறீங்க? தனியா போனா கூட்டத்துல தொலைஞ்சிருவீங்க லா. காவடியா, பால்குடமா? ஃபர்ஸ்ட் டைம்னா பால்குடமே எடுங்க. கடைசிப் படியில எல்லாருக்கும் கால் ஆடும்."

குணா அவன் கையைப் பார்த்தான்.

"காப்பு எங்க அண்ணே? எந்தக் கோயில்ல கட்டுனீங்க?"

"கட்டல."

"காப்பு கட்டாம என்ன விரதம்?" சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

"விரதம் இல்ல," என்றான் அருண். "சாப்பிட முடியல. அவ்வளவுதான்."

நான் மடித்துக்கொண்டிருந்த துணி கையிலேயே நின்றுவிட்டது. குணாவின் சிரிப்பு போகக் கொஞ்ச நேரம் ஆனது. பையைக் கீழே வைத்துவிட்டு அருணுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"எப்பலேந்து?"

"இவ பொறந்ததுலேந்து."

"அக்காகிட்ட சொன்னீங்களா?"

"எல்லாரும் விரதமான்னு கேட்டாங்க. ஆமான்னு சொன்னா அதோட விட்டுட்டாங்க. ஈஸியா இருந்துச்சு." அருண் என்னைப் பார்க்கவில்லை. தொட்டில் கம்பிகளுக்கு நடுவே பார்த்துக்கொண்டே பேசினான். "பால் கொண்டுபோன நாள்ல கிள்ளான் ஸ்டேஷன்ல நிப்பேன். ரயில் வரும்போது எல்லாரும் மஞ்சக் கோட்டுக்குப் பின்னால போவாங்க. எனக்குப் போகணும்னு தோணல. ஒரு தடவ ஒருத்தர் சட்டையப் புடிச்சு இழுத்துட்டாரு. 'சாமி, பாத்து'ன்னாரு. அவரும் விரதம்னு நெனச்சுக்கிட்டாரு."

வெளியே எங்கோ ரயில் போகிற சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் எப்போதும் கேட்கிற சத்தம். நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். ஏன் அதைச் செய்தேன் என்று இன்றுவரை தெரியாது.

குணா முருகனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நான் மறக்க மாட்டேன். "சரி அண்ணே," என்றான். "நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம். நான் லீவு போடறேன். இப்ப நான் இங்கயே இருக்கேன், என்னய தொரத்தாதீங்க." பிறகு என்னிடம் திரும்பி, "அக்கா, ஒரு தேத்தண்ணி கிடைக்குமா?" என்றான். தேநீர் கேட்டது தனக்கு இல்லை, என் கைக்கு ஒரு வேலை கொடுக்க என்று அடுப்படியில் நின்றபோதுதான் உறைத்தது.

மறுநாள் காலை வரை அவன் போகவில்லை. தூங்கவும் இல்லை என்று நினைக்கிறேன்.

6

டாக்டரம்மா நேராகவே கேட்டார். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா? சில நாள், என்றான் அருண். கேள்வி விழுந்தபோது, இல்லாத எண்ணத்தை அதுவே கிளப்பிவிடுமோ என்று நான் பயந்திருந்தேன். நடந்தது வேறு. கேட்டதும் அவன் தோள் இறங்கியது. அன்றைக்கே ஒரு மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். மாத்திரை, வாரம் ஒரு முறை பேச்சு. அவனைத் தனியாக ரயிலில் விடக் கூடாது என்று எங்களுக்கு ஓர் உத்தரவு.

அங்கே தமிழ் பேசும் ஆலோசகர் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில்தான் பேசினான். "அதுவும் நல்லதுக்குத்தான்," என்று பிறகு சொன்னான். "இங்கிலீஷ்ல சொன்னா வேற யாருக்கோ நடந்த மாதிரி இருக்கு. தமிழ்ல ஆரம்பிச்சா நெஞ்ச அடைக்குது." நான் பக்கத்தில் உட்கார்ந்து, என் கணவனுக்கு நடந்ததை ஆங்கிலத்தில் முதல் முறையாகக் கேட்டேன்.

இனியா பிறந்த மறுநாள். நான் அறுவை சிகிச்சை முடிந்து வேறு தளத்தில் படுத்திருந்தேன். அருண் மட்டும் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அவள் மூச்சு விடுவதை மறந்துவிட்டாள். குறைமாதக் குழந்தைகள் அப்படி மறப்பார்களாம்; அங்கே அது சகஜம். ஆனால் அதை அவனுக்கு யாரும் முன்பே சொல்லியிருக்கவில்லை. அவன் கண்ணெதிரே அவள் நீலமானாள். பெட்டியோடு இணைத்திருந்த கருவியின் மணி அடித்தது. தாதி அவசரப்படாமல் வந்து, பெட்டிக்குள் கைவிட்டு, பாதத்தை ஒரு சுண்டு சுண்டினார். இனியா திரும்பி வந்தாள். தாதி அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். அந்த நீலம் அவனுக்குள் இறங்கி, அங்கேயே தங்கிவிட்டது.

அன்றிலிருந்து அவன் உள்ளே போகவில்லை. தான் பக்கத்தில் போனால் அவள் மூச்சு நின்றுவிடும் என்று அவனுக்குள் ஓர் உறுதி. இதை யாரிடம் போய்ச் சொல்வது? அவள் வீட்டுக்கு வந்த பிறகு தரையில் படுத்தது விரதத்துக்கு அல்ல. அந்த உயரத்திலிருந்து பார்த்தால்தான் தொட்டில் கம்பிகளுக்கு நடுவே அவள் வயிறு ஏறி இறங்குவது தெரியும். தாடி, கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்காததால். பேசாமல் இருந்தது, பேசினால் அவள் மூச்சுச் சத்தம் கேட்காது என்பதால். நாங்கள் பக்தி என்று வாசித்த ஒவ்வொன்றும் ஒரு காவலாளியின் வேலை.

தைப்பூசம் அன்று குணாவின் குழு மஞ்சள் சட்டையில் பத்துமலைக்குப் போனது. ஊரே விரதம் இருந்த அந்த நாளில் என் கணவன் எங்கள் அடுப்படியில் நின்றபடி மூன்று இட்லி சாப்பிட்டான். அத்தையிடம் சொன்னேன். 

"விரதம் முறிஞ்சிருச்சாங்கண்ணு?"

"ஆமாங்கத்தை."

"முறிஞ்சாப் போகுது. இன்னொரு ரெண்டு வெச்சுக் குடு."

தெருவுக்கு அத்தை என்ன சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

7

இப்போதைய கதைக்கு வருகிறேன். இனியா நடக்கிறாள். "வா லா" என்று நாயைக் கூப்பிடுகிறாள். ஈரோட்டில் கேட்டால் சிரிப்பார்கள். அருண் இப்போது சாப்பிடுகிறான், தூங்குகிறான், குளியலறையில் கண்டபடி பாடுகிறான். மாத்திரை தொடர்கிறது. ஆனால் அந்த மருத்துவமனைக்குள் அவன் இன்னும் கால் வைக்கவில்லை. இனியாவின் பரிசோதனைகளுக்கு நான்தான் போய்வருகிறேன்.

பிஸ்கட் மனிதரைத் தவறவிட்ட அன்று மாலை, அருண் வீட்டுக்கு வருவதற்குள் நான் நிறையச் செய்து முடித்திருந்தேன். மூன்று மொழியில் சுவரொட்டி. வாட்ஸ்அப் குழு. மருத்துவமனைக்கு ஒரு மின்னஞ்சல்: லிஃப்ட் பக்கத்து பெஞ்சில் சனிக்கிழமைதோறும் அப்பாக்களுக்கான ஒரு சின்னச் சந்திப்பு நடத்த அனுமதி வேண்டும். கடிதம் வேறொரு பிரிவுக்கு அனுப்பப்பட்டிருப்பதாக உடனே ஒரு பதில்கூட வந்திருந்தது. கடையில் நடந்ததைச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் அருணிடம் காட்டினேன்.

"லோகோ எங்க?" என்றான்.

"கிண்டல் பண்ணாத."

"இல்ல, குழுவுல எத்தனை பேரு?"

"நான் மட்டும்தான். இப்போதைக்கு."

அவன் சிரிக்கவில்லை. சுவரொட்டியை இன்னொரு முறை படித்தான். 'உங்கள் மனநலம் முக்கியம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தேன்.

"இத அந்த பெஞ்சுல உக்காந்திருக்கும்போது பாத்திருந்தா, வேற யாருக்கோன்னு நெனச்சிருப்பேன்," என்றான். எழுந்து போய் இனியாவின் காலணியைத் தேட ஆரம்பித்தான். காலணி அவள் காலிலேயே இருந்தது. நானும் வற்புறுத்தவில்லை. அவனைத் திரும்ப அந்த நடைமேடைக்குக் கூட்டிப்போவதா என்கிற பயம் எனக்கும் இருந்தது. ஒருவரைக் காப்பாற்றப் போய் என் வீட்டிலிருப்பவனைத் தொலைத்துவிட்டால்?

மறுநாள் ஷாமினியிடம், அவர் விரதக்காரர் இல்லை, பிள்ளை மருத்துவமனையில் இருக்கிறது, அருணும் இப்படித்தான் இருந்தான் என்று சொன்னேன்.

"அக்கா, நான் மரியாதையாத்தானே கேட்டேன்."

"மரியாதையாத்தான் கேட்டே. நானும் ஒரு வருஷம் முன்னால அப்படித்தான்."

"திரும்ப வந்தா என்ன செய்ய?"

"விரதமான்னு கேக்காத. வேற எதையாவது கேளு."

அவர் வியாழக்கிழமை வந்திருக்கிறார். ஐஸ் கட்டி மட்டும் வாங்கினாராம். ஷாமினி அந்தப் பிஸ்கட்டைக் கல்லாமேல் எடுத்து வைத்து, "சும்மா கொண்டுபோங்கண்ணே" என்றிருக்கிறாள். அவர் எடுக்கவில்லை. பிள்ளையை எப்போது போய்ப் பார்ப்பீர்கள் என்று கேட்டிருக்கிறாள். சனிக்கிழமை மத்தியானம், என்றாராம். பிறகு, அவள் கேட்காமலே, "வாசல்ல பாலக் குடுத்துட்டு வந்துருவேன்" என்றாராம். இதைச் சொல்லும்போது ஷாமினிக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

அருணிடம் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கை நின்றது. பிறகு மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தான். எனக்குக் காட்டுவதற்காகவே மெதுவாகச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

"அனுமதி வந்துருச்சா?"

"இல்ல. அடுத்த மாசம் சொல்றாங்களாம்."

"பெஞ்சுல உக்கார எதுக்கு அனுமதி? அங்க உக்காந்துதான நான் வீணாப் போனேன்."

"நீ வரியா?"

"குணாவும் வரட்டும். ஸ்டேஷன்ல எனக்கு ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் அவன்." கொஞ்சம் யோசித்தான். "ஆனா அவருகிட்ட நான் மட்டும் பேசறேன். நீ ஆரம்பிச்சேன்னா அவர் கையில சுவரொட்டியக் குடுத்துருவே."

"என்ன பேசுவே?"

இதை அவன் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தான். "உள்ள என்ன பாத்தீங்கன்னு கேப்பேன். என்னய அத யாரும் கேக்கல."

ஆலோசகரிடம் ஃபோனில் கேட்டுவிட்டோம். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நடுக்கம் வந்தால் திரும்பி வந்துவிடலாம், அது தோல்வி இல்லை என்றார். அந்த மனிதர் நிலைமை மோசமாக இருந்தால் நாங்களே பேசித் தீர்க்க முயலாமல் அங்கேயே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போகச் சொன்னார். பிஸ்கட் மனிதர் ஒன்றுமே சொல்லாமல் எழுந்து போய்விடலாம். நாளைக்கு அவர் வராமலேகூட இருக்கலாம். அதையும் பேசிவைத்திருக்கிறோம், வேறு யாராவது அந்த பெஞ்சில் இருப்பார்கள், எப்போதும் இருப்பார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அருண் கடைக்குப் போய் வந்தான். ஃபிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறான். நாளைக்கு எடுத்துப்போகும் பையில் காகிதக் கோப்பைகள், இனியாவுக்கு ஒரு மாற்றுச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு பாக்கெட் பிஸ்கட். திருப்பிப் பார்த்தேன். முட்டை சேர்த்ததுதான்.